ஈச்சமரத்துக்கு ஆபீஸ் வைத்த பெயர்

மார்ட்டின் ஷாப்ட் என்ற சுரங்கக் குழியின் ஐம்பத்தெட்டாவது லெவலில் மூன்று பேர் நசுங்கிச் செத்ததற்குக் காரணம் பாறை அல்ல, பாறையைத் தாங்கிய மரமும் அல்ல, செத்தவர்களுக்குத் தாவரவியல் தெரியாததுதான் என்று விசாரணைக் குழு கண்டுபிடித்தது. இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு நான்கு மாதம் பிடித்தது. நடுவில் இரண்டு முறை ஊட்டிக்கும் போய்வந்தார்கள், அங்கே மரங்கள் அதிகம் என்பதால்.

நடந்தது என்னவென்று கோலார் தங்கவயலில் எல்லோருக்கும் தெரியும். சுரங்கத்துக்குள் முட்டுக் கொடுப்பதற்கு வைரம் பாய்ந்த மரம் அனுப்ப வேண்டிய கான்ட்ராக்டர், பூதிகோட்டைப் பக்கம் கள் வற்றிப்போன ஈச்சமரங்களை வெட்டி, தார் பூசி, பங்காருபேட்டை வழியாக லாரியில் ஏற்றி அனுப்பினார். தார் பூசிவிட்டால் எல்லா மரமும் கறுப்புதான். ஆனால் சுத்தியலால் தட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். நல்ல மரம் டங் என்னும், ஈச்சமரம் தொப் என்னும். மரக்காரர்கள் ஒவ்வொரு கட்டையையும் தட்டி, காதை வைத்துக் கேட்டு, அப்புறம்தான் நிறுத்துவார்கள். அன்றும் தட்டினார்கள். தொப் என்றது. "ஈச்சமரம் சார், தாங்காது" என்று மேஸ்திரியிடம் சொன்னார்கள். மேஸ்திரி புகார்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். அதில் ஈச்சமரத்துக்குக் கட்டம் இல்லை. மூடி வைத்துவிட்டார். மூன்றாம் நாள் பாறை இறங்கியது. செத்த மூவரில் ஒருவரை மண்வெட்டியால் அள்ளித்தான் மேலே கொண்டுவந்தார்கள்.

குழுவின் தலைவர், கோடையிலும் கம்பளிக் கோட்டைக் கழற்றாத ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி, மண்டபத்தில் தொழிலாளர்களைக் கூட்டி வைத்து முடிவை வாசித்தார்.

"கான்ட்ராக்டரின் ஒப்பந்தத்தில் மரம் என்றுதான் இருக்கிறது. அவர் மரம்தான் அனுப்பினார். இரும்பை அனுப்பவில்லை, கரும்பை அனுப்பவில்லை. ஆகவே அவர்மேல் குற்றம் இல்லை. இறந்தவர்கள் புகார் செய்தார்கள் என்கிறீர்கள். எந்தச் சொல்லால் செய்தார்கள்? ஈச்சமரம் என்பது வீட்டுப் பேச்சு. வீட்டுப் பேச்சை ஒரு நிர்வாகம் எப்படி விசாரிக்கும்? மோனோகாட்டிலீடனஸ் என்று அவர்கள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சரியாக உச்சரித்திருந்தால் இன்று நம்மிடையே இருந்திருப்பார்கள். அவர்கள் உச்சரிக்காமல் போனதை நிர்வாகம் பெரிய மனதுடன் மன்னிக்கிறது."

முன்வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். முன்வரிசை முழுக்க அதிகாரிகள்.

தலைவர் சொன்ன அந்த ஆங்கிலச் சொல்லுக்கு, ஒற்றை விதையிலை உள்ள வகையைச் சேர்ந்தது என்று பொருள். ஈச்சை, பனை, தென்னை, மூங்கில், புல் எல்லாம் அந்த வகை. முட்டுக்கு ஆகாது. இனிமேல் மரத்தைப் பற்றிப் புகார் செய்கிறவன் அந்த ஆங்கிலச் சொல்லைச் சரியாக உச்சரிக்க வேண்டும், துண்டு துண்டாகப் பிரித்துப் பொருள் சொல்ல வேண்டும், அப்போதுதான் புகார் செல்லும் என்று விதி வந்தது. விதியைக் காப்பாற்ற ஒரு அலுவலகமும் வந்தது. அதற்குத் தாவரச் சொல் தூய்மைப் பிரிவு என்று பெயர். ஜனங்கள் அதை லீ ஆபீஸ் என்றார்கள். அந்தச் சொல்லில் 'லீ' என்ற இடத்தில்தான் அழுத்தம் விழ வேண்டுமாம்.

தாமோதரனுக்கு இந்த வம்பு எதுவும் வேண்டியிருக்கவில்லை. நாற்பத்திரண்டு வயது, மரக்காரராக இருபது வருஷம், எட்டாவது வரை படிப்பு, நந்திதுர்க் பக்கம் கம்பெனி கொடுத்த லைன் வீடு. மனைவி சரோஜம்மா. பக்கத்து வீட்டில் சரோஜம்மாவின் தம்பி சின்னப்பா. அவனை மரவேலைக்குக் கூட்டிக்கொண்டு வந்ததே தாமோதரன்தான். அவன் பெண்டாட்டி கண்மணி முதல் பிரசவத்துக்குக் குடியாத்தம் போயிருந்தாள். பெண் பிறந்திருக்கிறது என்று கார்டு வந்து, போய்ப் பார்க்க லீவு கேட்டுக்கொண்டிருந்தான் சின்னப்பா. மரக்காரர் கும்பலுக்குத் தாமோதரன் தலைவர் என்பதால் ஐம்பத்தெட்டாம் லெவல் மரத்தைப் பற்றிப் புகார் சொல்லும் உரிமை அவர் ஒருவருக்குத்தான் உண்டு என்று ஒரு தாள் வந்தது. தாளை வாங்கியபோது தாமோதரன் கொஞ்சம் சந்தோஷப்பட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். யாரோ ஒருவராவது கேட்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

லீ ஆபீஸின் தலைமை அதிகாரி மாணிக்கராஜ். மதராஸில் தாவரவியல் படித்தவர். ஈரக்காற்று ஆகாது என்று, ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஒருநாளும் ஏறாதவர். முதல் வகுப்பிலேயே தம் கொள்கையைச் சொல்லிவிட்டார்.

"மரம் விழுந்தால் நாலு பேர் சாவார்கள். நாலு பேருக்குப் பதில் நாலு பேர் கிடைப்பார்கள். உச்சரிப்பு விழுந்தால் அந்த இடத்தில் எதை வைப்பீர்கள்? இந்தச் சொல் கிரேக்கர்கள் கொடுத்தது. மோனோ என்றால் ஒன்று. காட்டிலீடன் என்றால் கிண்ணம் போன்ற குழி. அஸ் என்றால் உடையது. ஒற்றைக் கிண்ணம் உடையது. பிரித்துச் சொல்லும்போது மூன்று துண்டாகக் கேட்க வேண்டும். சேர்த்துச் சொல்லும்போது துண்டே தெரியக் கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டும்."

"ஈச்சங்கொட்டையில கிண்ணம் எங்க சார் கீது?" என்று சின்னப்பா பின்னாலிருந்து கேட்டான். அவனுக்குப் பத்து நிமிஷம் முட்டிபோடும் தண்டனை கிடைத்தது. இருபத்தாறு வயசு ஆள், சரளைக் கல்லின் மேல் முட்டிபோட்டான்.

அழுத்தத்தைப் புரியவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மாணிக்கராஜ் இரண்டு நாள் விளக்கினார். மூன்றாம் நாள், "இது விளக்கிப் புரிவதல்ல, உடம்புக்குத் தெரிய வேண்டும்" என்று சொல்லி, வாட்ச் அண்ட் வார்டு காவலர்கள் இருவரைப் பிரம்போடு வரவழைத்தார். ஆட்கள் வரிசையாக நின்று சொல்லைச் சொல்ல, 'லீ' வரும்போது காவலர் முதுகில் ஒன்று வைப்பார். அடி விழுகிற இடத்தில் குரல் தானாக உயரும். முறை பிரமாதமாக வேலை செய்தது. ஒரு வாரத்தில் நாற்பது பேர் 'லீ'யை அலறக் கற்றுக்கொண்டார்கள். தாமோதரனின் முதுகுத்தோல் இரண்டு இடத்தில் பிய்ந்து சட்டையோடு ஒட்டிக்கொண்டது. சரோஜம்மா வெந்நீர் விட்டு நனைத்துப் பிரித்தெடுத்தாள்.

"இன்னாங்க இது, படிக்கப் போனீங்களா, திருடப் போனீங்களா?"

"படிப்புதான். கொஞ்சம் மெதுவா எடு."

"அந்த எழவு வார்த்தைய சீக்கிரம் சொல்லித் தொலைங்க. எண்ணெ தீந்துபோச்சு."

இதில் ஒரு சிக்கல் வந்தது. காலை ஷிப்டுக்குப் பாடம் எடுத்த காவலர் ஒழுங்கானவர், சரியாக 'லீ'யில் அடித்தார். பகல் ஷிப்டின் காவலருக்குச் சாப்பாட்டுக்கு மேல் தூக்கம் வரும். கையில் அவசரம். 'காட்டி' வரும்போதே அடித்துவிடுவார். அதனால் பகல் ஷிப்டு முழுக்க 'காட்டி'யில் அழுத்தம் கொடுத்துப் பழகிவிட்டது. தம் முதுகு கற்றது தப்பு என்று எவன் ஒப்புக்கொள்வான்? ஒரு மத்தியானம் ஷிப்டு மாறும் நேரத்தில், கேஜ் வாசலில், காலை ஷிப்டுக்காரன் ஒருவன் பகல் ஷிப்டுக்காரனைத் திருத்தப்போக, அவன் கையிலிருந்த கார்பைடு விளக்கால் திருப்பி அடிக்க, அரைமணி நேரம் அடிதடி. ஹெல்மெட்டுகள் பறந்தன. ஒருவனுக்குக் காது கிழிந்து தொங்கியது. ஆறு பேருக்கு மண்டையில் தையல். விலக்கிவிடப் போன தாமோதரனின் வாயில் ஒரு ஹெல்மெட் வந்து விழுந்தது. மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் அவர் உள்ளங்கையில் இருந்தன.

மாணிக்கராஜ் மேலிடத்துக்கு உற்சாகமாக எழுதினார். 'தொழிலாளர்கள் உச்சரிப்புக்காக ரத்தம் சிந்தத் தயாராகிவிட்டார்கள். இந்தப் பிரிவு தொடங்கி மூன்றே மாதத்தில் இது பெரிய சாதனை.' அவருக்கு ஒரு மேசை விசிறி வந்தது.

அதே வாரம் லாரியும் வந்தது.

தாமோதரன் யார்டில் போய் முதல் கட்டையைத் தட்டினார். தொப். அடுத்ததைத் தட்டினார். தொப். முப்பது கட்டைகளைத் தட்டிவிட்டுச் சுத்தியலைக் கீழே போட்டார். எல்லாம் ஐம்பத்தெட்டாம் லெவலுக்கு என்று சுண்ணாம்பில் எழுதியிருந்தது. நேராக லீ ஆபீஸ் ஜன்னலுக்கு ஓடினார்.

"சார், மறுபடி அதே மரம். உள்ள அனுப்பாதீங்க."

மாணிக்கராஜ் விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "எந்த மரம்?" என்றார்.

தாமோதரன் மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னார். பற்கள் போன சந்து வழியாகக் கடைசி எழுத்து காற்றாக ஓடிவிட்டது.

"முடிவில் 'ஸ்' கேட்கவில்லையே. 'ஸ்' இல்லையென்றால் உடையது என்ற பொருள் போய்விடுகிறது. ஒற்றைக் கிண்ணம், அவ்வளவுதான் நிற்கிறது. கிண்ணத்தைப் பற்றிய புகாரை நான் எப்படி வாங்குவது?"

"சார், ஒரு கட்டைய இங்கயே தூக்கினு வரேன். ஒருவாட்டி தட்டிக் கேளுங்க. காது இருந்தா போதும் சார்."

"காது ஆதாரமல்ல, தாமோதரன். வாய்தான் ஆதாரம். பல் மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி வாருங்கள். அதுவரை உங்கள் புகார் நிலுவை. புகார் நிலுவையில் உள்ளவர் கேஜில் இறங்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்."

அப்படியாக, மரம் கீழே போனது. தாமோதரன் மேலே நின்றார். கும்பலில் நான்கு பேர், இந்த மரத்துக்குக் கீழே நிற்கமாட்டோம் என்றார்கள். புகார் ஏற்கப்படாத மரம் நல்ல மரம், நல்ல மரத்துக்குக் கீழே நிற்க மறுப்பது கலகம் என்று விதியில் இருந்தது. காவலர்கள் நான்கு பேரையும் தடியால் அடித்தே கேஜுக்குள் தள்ளினார்கள். அதில் ஒருவன் தோள்பட்டை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனான். அந்த நால்வரில் இன்றைக்கு உயிரோடு இருப்பது அவன் ஒருவன்தான். நிர்வாகம் இதைத் தன் கருணைக்குச் சான்றாக எடுத்துச் சொல்வதுண்டு.

சின்னப்பா தகராறு பண்ணாமல் இறங்கினான்.

"நீ இன்னாத்துக்கு மாமா இப்படி நடுங்கிற? நான் கீழ முட்டுங்களப் பாத்துகினு இருக்கேன். தினம் தட்டிப் பாக்கறேன். நீ மேல அந்த வார்த்தைய சொல்லிட்டு ஆள அனுப்பு, வெளிய வந்துடறேன்."

"லீவு போட்டுட்டு ஊருக்குப் போடா. கொழந்தையப் பாரு."

"லீவு குடுக்கலியே. ஈச்சமரம் கீற லெவலுக்கு ஆள் பத்தலியாம்."

தாமோதரன் பல் மருத்துவரிடம் போனார். பொய்ப்பல் கட்டிக்கொண்டார். பொய்ப்பல் கழன்று விழுந்தது. மெழுகு வைத்து ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து சொல்லிச் சொல்லிப் பார்த்தார். இரண்டாம் தடவை ஜன்னலுக்குப் போனபோது துண்டுகளுக்கு நடுவே மூச்சு கேட்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தடவை, மூச்சே கேட்கவில்லை, துண்டு எங்கே என்றார்கள். நான்காம் தடவை எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் அன்று மாணிக்கராஜுக்கு ஜலதோஷம், காது அடைத்திருந்தது. ஐந்தாம் தடவை, சொல்லும்போது அவர் முகத்தில் மரியாதை இல்லை என்று தள்ளுபடியானது.

புருஷன் வீட்டுக்குள் ஓயாமல் சொல்லியதைக் கேட்டுக் கேட்டு சரோஜம்மாவுக்கு அந்தச் சொல் பாடமாகிவிட்டது. ஒருநாள் காலை யாரிடமும் சொல்லாமல் லீ ஆபீஸுக்குப் போனாள். குமாஸ்தாவைப் பார்த்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் சொன்னாள். மூன்று துண்டும் தனித்தனியாகக் கேட்டன, ஒட்டு எங்கேயும் தெரியவில்லை. 'லீ' கூரைத் தகரத்தில் பட்டுத் திரும்பியது. குமாஸ்தா எழுந்து நின்றுவிட்டார். மாணிக்கராஜ் உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்களம்மா."

சொன்னாள். மாணிக்கராஜின் கண் கலங்கியது. "இப்படி ஒரு 'லீ'யை நான் மதராஸிலும் கேட்டதில்லை" என்றார். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளுடைய வேலை நம்பர் என்ன என்று கேட்டார்.

"நம்பர் எங்கிட்ட ஏது? எந்தம்பி கீழ கீறான். மரத்தை எடுங்க."

"நம்பர் இல்லாதவர் உச்சரித்தால் அது உரிமையற்ற உச்சரிப்பு."

"நான் சொன்னது சரியா தப்பா, அதைச் சொல்லு."

"சரி என்பதுதான் இங்கே குற்றத்தைப் பெரிதாக்குகிறது" என்றார் மாணிக்கராஜ், வருத்தத்தோடுதான். காவலர்கள் அவள் தலைமயிரைப் பிடித்துப் படிக்கட்டில் இழுத்துவிட்டார்கள். முழங்கை உடைந்து எலும்பு வெளியே தெரிந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்தே வீட்டுக்கு வந்தாள். தாமோதரன் அன்று முதல்முறையாகச் சத்தம் போட்டு அழுதார்.

ஆறாம் தடவை. திங்கட்கிழமை, காலை பத்து மணி. கீழே முதல் ஷிப்டு நடந்துகொண்டிருந்தது. முந்தின நாள் சின்னப்பா, "மாமா, முட்டு முனகுது" என்று சொல்லியிருந்தான். ஆகவே தாமோதரன் பல்லுக்கு மெழுகை இரட்டிப்பாக வைத்து, முகத்தில் மரியாதையைப் பூசிக்கொண்டு நின்றார். மாணிக்கராஜ் கண்ணை மூடிக் கேட்டார். தாமோதரன் சொன்னார். சேர்த்துச் சொன்னார், பிரித்துச் சொன்னார், கிண்ணம் சொன்னார், உடையது சொன்னார். மாணிக்கராஜ் கண்ணைத் திறந்தார்.

"தேறிவிட்டீர்கள்."

குமாஸ்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, புகார் ஏற்கப்பட்ட நேரம் பத்து நாற்பது என்று எழுதினார்.

"போன் பண்ணுங்க சார்" என்றார் தாமோதரன். "ஐம்பத்தெட்டுக்குப் போன் போட்டு ஆளுங்கள வெளிய வரச் சொல்லுங்க."

"பொறுங்கள். புகார் மரத்தைப் பற்றியது. அதில் ஆட்களைப் பற்றி எதுவும் இல்லையே." மாணிக்கராஜ் கையெழுத்தின்மேல் மையொற்றியை வைத்து உருட்டினார். "முதலில் சான்றிதழ். இந்தப் பிரிவின் முதல் சான்றிதழ் உங்களுடையது. ஒரு போட்டோ எடுக்க வேண்டும். போட்டோக்காரர் வந்துகொண்டிருக்கிறார்."

தாமோதரன் போனைப் பிடுங்கப் போனார். காவலர் கையில் தடியால் போட்டார், விரல் மடங்கியது. இன்னொரு கையால் பிடுங்கப் போனார். அதிலும் போட்டார். பிறகு அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். போட்டோவில் அவர் நேராக உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

பத்து ஐம்பத்திரண்டுக்குத் தரை குதித்தது. தங்கவயல்காரர்களுக்கு ஏர்பிளாஸ்ட் புதிதல்ல. ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே பாத்திரம் உருளும், சுவர் விரியும். அன்று மேசை விசிறி கீழே விழுந்தது. சங்கு ஊதியது. தாமோதரன் இரண்டு காவலர்களையும் உதறிக்கொண்டு ஷாப்டுக்கு ஓடினார்.

அடுத்த நாள்தான் தூக்க முடிந்தது. ஏழு பேர். ஈச்சமரங்கள் நார் நாராகப் பிரிந்து, மனிதர்களோடு பின்னிக் கிடந்தன. சின்னப்பாவின் தலை இருந்த இடத்தில் தட்டையாக ஹெல்மெட்தான் இருந்தது. காலில் இருந்த மச்சத்தைப் பார்த்து அடையாளம் சொன்னது தாமோதரன். குடியாத்தத்துக்குத் தந்தி போனது. கண்மணி கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தபோது பெட்டியை ஆணியடித்து மூடியிருந்தார்கள். திறக்கச் சொல்லி அழுதாள். யாரும் திறக்கவில்லை.

இந்த முறை விசாரணை ஒன்பதே நாளில் முடிந்தது. குழுவுக்கு அனுபவம் வந்துவிட்டது. அதே தலைவர், அதே கோட்டு. தாமோதரன் சாட்சி.

"புகார் ஏற்கப்பட்டது பத்து நாற்பதுக்கு" என்று தலைவர் ஆரம்பித்தார். "விதிப்படி, புகார் ஏற்கப்பட்ட நொடியிலேயே அந்த மரம் விலக்கப்பட்டதாகிறது. பாறை இறங்கியது பத்து ஐம்பத்திரண்டுக்கு. ஆக, இந்த ஏழு பேரும் பன்னிரண்டு நிமிடம் முட்டே இல்லாத பாறையின் கீழ் நின்றிருக்கிறார்கள். முட்டில்லாத இடத்தில் நிற்பது குற்றம். குற்றம் செய்துகொண்டே இறந்தவரின் குடும்பத்துக்கு லைன் வீட்டில் உரிமை இல்லை. சாட்சி, பத்து நாற்பதுக்கு நீங்கள் சரியாக உச்சரித்தீர்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம்."

தாமோதரனுக்குக் கொஞ்ச நேரம் எதுவும் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. தான் பாஸானதால்தான் சின்னப்பா குற்றவாளி. தான் பெயிலாகியிருந்தால் விதியின் கணக்கில் மரம் அங்கேயே நின்றிருக்கும், அவன் மரத்துக்குக் கீழேதான் செத்திருப்பான், கண்மணிக்கு வீடாவது இருக்கும்.

"இல்லீங்க சார்" என்றார். "அன்னிக்கு நான் தப்பா சொன்னேன். புகார் செல்லாது."

மண்டபத்தில் சலசலப்பு. தலைவர் மாணிக்கராஜைப் பார்த்தார். மாணிக்கராஜ் எழுந்து, "அடக்கத்தால் சொல்கிறார். வேண்டுமானால் இப்போதே சொல்லிக் காட்டட்டும்" என்றார்.

தாமோதரன் பொய்ப்பல்லைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "மோனோகாட்டிலேட்டு" என்றார்.

மாணிக்கராஜ் தலையை அசைத்தார். "வட்டார வழக்கு. இது மொழிக்கு அழகுதான். ஏற்கத்தக்கது."

"மொண்ணக்காடு."

"சுருங்கிய வடிவம். கிரேக்கத்திலும் உண்டு. சரி."

தாமோதரன் வாயை மூடிக்கொண்டு அரை நிமிஷம் சும்மா நின்றார்.

"மௌனத்திலும் அழுத்தம் 'லீ'யில்தான் விழுந்தது" என்றார் மாணிக்கராஜ். "குறித்துக்கொள்ளுங்கள்."

குமாஸ்தா குறித்துக்கொண்டார். தாமோதரன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அவர் குரல் உயரவே இல்லை.

"ஈச்சமரம் சார். எம்மச்சான் செத்தது ஈச்சமரத்துக்குக் கீழ. நீங்க எல்லாருமா கொன்னீங்க."

குமாஸ்தாவின் பேனா நின்றது. மாணிக்கராஜ் கண்ணை மூடி, அந்த வாக்கியத்தைக் காதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்.

"மிகச் சரியான உச்சரிப்பு, சார்."

தாமோதரன் மேசைமேல் ஏறிக் குதித்தார். முதல் குத்து மாணிக்கராஜின் மூக்கில் விழுந்தது, மூக்குக் கண்ணாடி கன்னத்துக்குள் போனது. இருபது வருஷம் கட்டை தூக்கிய கை அது. அடுத்தடுத்து எத்தனை விழுந்தன என்று யாருக்கும் தெரியாது. கோட்டுக்காரத் தலைவர் மேசைக்கு அடியில் போனார். ஆறு காவலர்கள் தாமோதரன்மேல் விழுந்து, விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்கும் வரை மிதித்தார்கள். அவரை இழுத்துக்கொண்டு போகும்போது மாணிக்கராஜ் ரத்தத்தைத் துப்பிவிட்டுத் தலைவரிடம் சொன்னது மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்டது. "முடிவில் மாற்றம் வேண்டாம் சார். சாட்சி தேறிவிட்டார்."

மூன்றாம் நாள் கண்மணி லாக்கப்புக்கு வந்தாள். தோளில் குழந்தை. கையில் கம்பெனி முத்திரை போட்ட ஒரு தாள். தாமோதரன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து கம்பிக்கு அருகில் வந்தார். மூச்சு விட்டால் விலா குத்தியது.

"அண்ணி இங்க வர முடியல, கை வீங்கிப்போயி படுத்துனு கீறாங்க" என்றாள். "இதைப் படிச்சுச் சொல்லுங்கண்ணா. லைன்ல யாருக்கும் வெளங்கல. நீங்கதான் இங்கிலீஷ்ல பாஸ் பண்ணவருன்னு சொன்னாங்க."

அவர் வாங்கிப் படித்தார். எட்டாம் வகுப்பு ஆங்கிலம் அந்தத் தாளுக்குப் போதுமானதாக இருந்தது. பதினைந்து நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார். சின்னப்பாமேல்தான் தப்பு என்று எழுதியிருக்கிறது என்றார். ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

பிறகு கம்பிக்குள் விரலை நுழைத்துத் தாளில் ஒரு இடத்தைத் தொட்டாள்.

"இது இன்னாண்ணா? அவரு பேருக்குப் பக்கத்துலயே இவ்ளோ நீட்டா ஒண்ணு கீதே."

"ஈச்சமரம்மா."

"ஈச்சமரமா?"

"ஆமா. முட்டுக்கு வச்ச மரம்."

கண்மணி அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை சிணுங்கியது, தோள் மாற்றிக்கொண்டாள். குடியாத்தத்தில் இருந்த அவளுக்கு மரத்தைப் பற்றியோ லீ ஆபீஸைப் பற்றியோ எந்தச் சேதியும் வந்ததில்லை. குற்றம் சொல்லும் எண்ணமும் அவளுக்கு இல்லை, தெரியாமல்தான் கேட்டாள்.

"அப்ப அது ஈச்சமரம்னு யாராச்சும் ஒருத்தரு அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமேண்ணா."